அறிவுக் கூர்மையும் உலக வெற்றியும்

  

 

நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்ற, ஆனால் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்காத ஒரு வினாவை இன்று எடுத்துக்கொள்வோம். அசாதாரணமான அறிவுக் கூர்மை படைத்த ஒருவர் உலகிலும் அசாதாரணமான வெற்றியைப் பெற்றே தீருவாரா? மூளை பெரிதென்றால் செல்வமும் பதவியும் பெரிதாகத்தான் இருக்குமா?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளி வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தால் “இவன் பெரிய ஆளாய் வருவான்” என்று ஊர் கூறுகிறது. கீழே இருந்தால் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு காலைப்பொழுதில் தீர்மானித்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் சரியானதா? உண்மையென்றால் அதனை ஏற்போம். பிழையென்றால் நம் பிள்ளைகளின் பொருட்டு அதனைக் கைவிட வேண்டியது நமது கடமையாகும்.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். அறிவுத் திறனுக்கும் உலக முன்னேற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவது உண்மையன்று. விரைவாகக் கிரகிக்கும் பிள்ளை பாடசாலையில் முன்னேறுகிறது. உயர்கல்வி பெறும் வாய்ப்பு அதற்குக் கூடுகிறது. நல்ல தொழிலும் கிட்டுகிறது. பல நாடுகளில் பல்லாண்டுகளாக நடைபெற்ற ஆய்வுகள் இதனைக் காட்டியுள்ளன. ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. அதனைத்தான் நாம் கேட்கத் தவறிவிடுகிறோம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக விளங்கிய லூயிஸ் டேர்மன் என்பவர் 1921 ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினார். கலிபோர்னியா மாநிலப் பாடசாலைகளில் நுண்ணறிவுச் சோதனைகளை நடத்தி, மிக உயர்ந்த புள்ளி பெற்ற 1,500 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களின் வாழ்நாள் முழுவதும் அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்வதே அவரது திட்டம். அவர் மறைந்த பின்னரும் அந்த ஆய்வு தொடர்ந்தது. முடிவு என்ன? அவர்களுள் பலர் பட்டதாரிகளாயினர். பேராசிரியர்களும் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் அவர்களிடையே தோன்றினர். எனினும் சாதாரண எழுதுவினைஞர்களாக வாழ்க்கையைக் கழித்தவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. ஆனால் சிறுவயதில் அதே சோதனைக்குத் தோற்றி, புள்ளி போதாது என்று விடப்பட்ட இருவர் பிற்காலத்தில் பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்றனர். வில்லியம் ஷொக்லி 1956 இலும், லூயிஸ் அல்வாரெஸ் 1968 இலும் அப்பரிசைப் பெற்றவர்களாவர்.

டேர்மனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் தம் குழுவினருள் மிக வெற்றி பெற்றவர்களையும், வெற்றி குன்றியவர்களையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தனர். இரு சாராரின் நுண்ணறிவுப் புள்ளிகளிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விடாமுயற்சி, தன்னம்பிக்கை, குறிக்கோளில் உறுதி, வளர்ந்த குடும்பத்தின் சூழல் ஆகியவற்றிலேதான் வேறுபாடு காணப்பட்டது.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. சுவீடன் நாட்டில் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட வேளையில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் அறிவுச் சோதனைக்கு உட்பட்ட ஏறத்தாழ 59,000 ஆண்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து 2023 இல் ஓர் ஆய்வு வெளியாகியது. வருடாந்த வருமானம் ஏறத்தாழ 60,000 யூரோ வரை, அறிவுப் புள்ளியும் வருமானமும் சேர்ந்தே உயர்ந்தன. அதற்கு மேலே சென்றால் வருமானம் கூடியது. அறிவுப் புள்ளி கூடவில்லை. யாவரினும் அதிகம் உழைத்த நூற்றுக்கு ஒரு வீதத்தினர், தமக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களை விட அறிவுச் சோதனையில் சிறிதளவு குறைவாகவே பெற்றிருந்தனர்! அறிவு ஒரு குறித்த உயரம் வரை ஏணியாக உதவுகிறது. அதற்குப்பால் ஏற்றி விடுபவை வேறு காரணிகள் என்பதே இதன் பொருள்.

இதனைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. நம் முன்னோர் இதனை அறிந்தே இருந்தனர். திருவள்ளுவர் ஊழ் பற்றிப் பேசுமிடத்துப் பொருள் சேரும் வழியும் தெளிந்த அறிவு சேரும் வழியும் ஒன்றல்ல என்று உணர்த்துகிறார். தூனிஸ் நகரில் 1332 இல் பிறந்து, 1406 இல் கெய்ரோவில் காலமான பேரறிஞர் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’ என்னும் நூலில் இவ்விடயத்தை விரிவாகவே ஆராய்ந்துள்ளார். மார்க்கக் கல்வியையும் நீதித் துறையையும் தொழிலாகக் கொண்டோர் பெருஞ்செல்வராவது அரிது என்கிறார். அறிஞர்கள் அரசியலின் நெளிவு சுழிவுகளுக்குத் தூரமானவர்கள் என்றும், ஏனெனில் அவர்கள் எதனையும் பொதுவிதியாகக் காண்பவர்கள், உலக நடைமுறையோ தனித்தனி நிலைமைகளால் ஆனது என்றும் விளக்குகிறார். பதவியாளர்களிடம் பணிந்தும் புகழ்ந்தும் நடப்போருக்கே பல வேளைகளில் செல்வமும் சௌகரியமும் கிட்டுகின்றன என்று மனவருத்தம் தரும் உண்மையையும் அவர் மறைக்கவில்லை.

அவர் எடுத்துக்காட்டும் ஒரு வரலாற்றுச் சம்பவம் நம் சிந்தனைக்குரியது. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஈராக்கில் பொறுப்பிலிருந்த ஸியாத் என்பவரை அப்பதவியிலிருந்து நீக்கினார்கள். திறமைக் குறைவா, நம்பிக்கைத் துரோகமா, எதற்காக இந்த நீக்கம் என்று அவர் வினவினார். இரண்டுமில்லை, உமது மிதமிஞ்சிய அறிவின் சுமையை மக்கள் மீது ஏற்ற நான் விரும்பவில்லை என்ற கருத்துப்பட அவர்கள் பதிலளித்தார்களாம். மற்றவர்களால் எட்ட முடியாத வேகத்தில் சிந்திப்பவர், தம்மால் இயன்றதை எல்லாரிடமும் எதிர்பார்ப்பார், இயலாதவர்களை நெருக்குவார். அறிவு கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அது பிறரோடு சேர்ந்து நடக்கவும் கற்றிருக்க வேண்டும்.

இளைஞர்களே! தமிழுலகம் தந்த மாமேதை ஸ்ரீனிவாச இராமானுஜனை நீங்கள் அறிவீர்கள். 1887 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தில் அவருக்கு நிகரானவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தாம். ஆயினும் அவர் கல்லூரிப் பரீட்சையில் சித்தியடையவில்லை! கணிதம் தவிர்ந்த பாடங்களில் அவர் மனம் செல்லாமையால் புலமைப்பரிசிலை இழந்தார். பட்டம் பெறும் வாய்ப்பை இழந்தார். 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அந்த மேதையை மேசையிலிருந்து மீட்டது எது? அவருடைய மூளை மட்டுமா? இல்லை. அவரது குறிப்பேட்டைப் பார்த்து மதித்த இராமசுவாமி ஐயர், பொருளுதவி செய்த இராமச்சந்திர ராவ், அலுவலகத்தில் அவரை ஆதரித்த நாராயண ஐயர், 1913 இல் அவருடைய கடிதத்தைக் குப்பையில் வீசிவிடாமல் வாசித்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி, இத்தனை பேரின் கரங்களும் சேர்ந்தே அவரை உயர்த்தின. 1918 இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920 இல், தம் 32 ஆவது வயதில் நோயினால் மறைந்தார். அவர் செல்வந்தராகவில்லை, நீண்ட காலம் வாழவுமில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்றதை உலகம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது.

தொலைவிலே செல்வானேன்? நம் யாழ்ப்பாண மண்ணிலேயே, நம் சமூகத்திலேயே ஓர் ஒப்பற்ற முன்மாதிரி உண்டு. அவர்தாம் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள்.

1911 ஒக்டோபர் 4 ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அஸீஸ் அவர்கள், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கல்வி கற்றார். இந்துக் கல்லூரியின் வகுப்பறையிலே ஒரு முஸ்லிம் மாணவன் தமிழின் சுவையை அருந்தினான். அதே மாணவன் பின்னாளில் இஸ்லாமிய தமிழ் இலக்கியத்துக்காக வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்தான் என்பது நம் குடாநாட்டுக்கே பெருமை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1935 இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் என்ற சிறப்பைப் பெற்றார். அந்நாளில் இந்நாட்டு இளைஞன் ஒருவன் கனவு காணக்கூடிய மிக உயர்ந்த பதவி சிவில் சேவைதான். அதிகாரம், ஊதியம், மதிப்பு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. கூர்மதி உலக வெற்றியைத் தரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம்.

பொறுங்கள். இரண்டு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அவர் அந்த உயரத்தை எட்டியது மூளையால் மட்டுமன்று. அவருடைய தந்தையார் அபூபக்கர் அவர்கள் ஒரு சட்டத்தரணி. கல்வியின் பெறுமதியை உணர்ந்தவர். மாற்று மதத்தவரின் பாடசாலை என்று தயங்காமல் மகனை அனுப்பிய தந்தை அவருக்கு இருந்தார்; அவரை வேற்றாளாய்க் கருதாமல் ஏற்றுக்கொண்ட கல்லூரியும் இருந்தது. அதே தெருவில், அதே காலத்தில், அதே கூர்மையோடு பிறந்து, பன்னிரண்டு வயதில் கடையில் கணக்கெழுதவும் தையல் இயந்திரத்தின் முன் அமரவும் நேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களின் பெயர்களை எந்த நூலும் கூறாது.

இரண்டாவது, அவர் அந்தப் பதவியை என்ன செய்தார் என்பது. 1942 இல், உலக யுத்த காலத்தில், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். அங்கே வறுமையிலும் கல்வியின்மையிலும் அமிழ்ந்திருந்த மக்களைக் கண்டார். திறமை இருந்தும் பணமின்றிப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளைக் கண்டார். அந்த ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948 இல் யாவரும் வியக்கும் வண்ணம் சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். 1961 வரை அப்பணியைச் செய்தார். 1950 இல் முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையைத் தோற்றுவித்தார். 1952 முதல் செனட் சபையில் உறுப்பினராயிருந்தார். ‘இலங்கையில் இஸ்லாம்’ முதலான நூல்களைத் தமிழுக்குத் தந்தார். 1973 நவம்பர் 24 இல் இறையடி சேர்ந்தார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவரது மறைவுக்குப் பின் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிப் போற்றியது.

பதவி உயர்வையும் ஊதியத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டால் 1948 இல் அவர் செய்தது பெரும் நட்டம். ஆனால் அந்தக் கல்லூரியிலிருந்தும் அந்த நிதியிலிருந்தும் எழுந்துவந்த வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் ஆசிரியர்களையும் கணக்கில் எடுத்தால், இலாபத்தின் அளவு மாறிவிடுகிறது. தம் அறிவைத் தமக்கு மட்டும் ஏணியாக வைத்துக்கொள்ளாமல் பிறர் ஏறும் படிக்கட்டாக ஆக்கியமையே அவரது வெற்றியாகும்.

அன்பர்களே! இந்த இடத்தில் நம் நெஞ்சில் ஆறாத ஒரு நாளையும் நினைவுகூர வேண்டியுள்ளது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒரு சில மணி நேரத்தில் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் அகதிகளாயினர். சிந்தித்துப் பாருங்கள். ஒக்டோபர் மாதத்தில் ஒஸ்மானியாக் கல்லூரியிலோ கதீஜா மகளிர் கல்லூரியிலோ வகுப்பில் முதலிடத்தில் இருந்த ஒரு பிள்ளை, நவம்பர் மாதத்தில் தண்ணீர் வரிசையில் நின்றது. அந்த ஒரு மாதத்தில் அதன் மூளை குறைந்துவிட்டதா? இல்லை. புத்தகம் போனது, மேசை போனது, விளக்கு போனது, தந்தையின் தொழில் போனது. அந்தப் பிள்ளை பரீட்சையில் பின்தங்கியிருந்தால் அதனை “மக்குப் பிள்ளை” என்று கூற எவருக்கு உரிமை உண்டு? அதே நிலையிலிருந்து படித்து மேலெழுந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்டால், தம் அறிவைப் பற்றி அல்ல, இரவல் புத்தகம் தந்த ஓர் ஆசிரியரைப் பற்றியும் நகையை விற்ற தாயைப் பற்றியுமே கூறுவார்கள்.

அதற்கு முன்னரும் பின்னரும் இவ்வாறான தடைகள் இருந்தே வந்துள்ளன. 1970 களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், தமிழ்மொழி மூலம் பயின்ற யாழ்ப்பாண மாணவர் பலரின் பல்கலைக்கழகக் கனவைத் தகர்த்தது. இன்றும் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. எஞ்சிய மூவரும் அறிவற்றவர்களா? இருக்கைகள் குறைவு என்பதே உண்மை.

ஆகவே, வெற்றி பெற்றவர் தம் மூளையால் மட்டுமே வென்றதாக எண்ணுவது எவ்வளவு பெரிய மயக்கம்! அருள்மறை கூறும் காரூனின் வரலாறு இந்த மயக்கத்தைப் பற்றியதே. நபி மூஸா (அலை) அவர்களின் சமூகத்தைச் சேர்ந்த அவனுடைய களஞ்சியத் திறவுகோல்களைச் சுமப்பதே வலிமை மிக்க ஒரு கூட்டத்தினருக்குப் பாரமாக இருந்தது. கர்வம் கொள்ளாதே, பிறருக்கு நன்மை செய் என்று அறிவுரை கூறப்பட்டபோது, இவையெல்லாம் என்னிடமுள்ள அறிவினால் கிடைத்தவை என்றான். அவனது பகட்டைக் கண்டு ஏங்கியவர்களும் இருந்தனர். ஆனால் அதே வரலாற்றில் ‘அறிவு வழங்கப்பட்டவர்கள்’ என்று இறைவன் குறிப்பிடுவது காரூனையன்று. அந்தச் செல்வத்தைக் கண்டு மயங்காமல், மக்களை எச்சரித்து நின்றவர்களையே! பொருள் சேர்க்கும் சாமர்த்தியம் ஒன்று, அறிவு இன்னொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டவனை, அவனது மாளிகையோடு பூமி விழுங்கியது.

பெற்றோர்களே! இவற்றிலிருந்து நாம் செய்ய வேண்டியது என்ன?

பிள்ளையின் புள்ளியைப் பார்த்து அன்பைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். “நீ கெட்டிக்காரன்” என்று ஓயாமல் புகழப்படும் பிள்ளை, முதல் தோல்வியிலேயே தன் கெட்டிக்காரத்தனம் பொய்த்துவிட்டதாக அஞ்சி ஒதுங்குகிறது. “நீ முயன்று செய்தாய்” என்று பாராட்டப்படும் பிள்ளை மறுபடி முயல்கிறது. ஒரு வீட்டில் இரு பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசும் ஒரு சொல், நாற்பது ஆண்டு கழிந்தாலும் அவர்களின் நெஞ்சை விட்டு நீங்காது. பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, பாடசாலை முடிந்ததும் ரியூஷனுக்கு அனுப்பி, இரவிலும் வினாத்தாள் செய்விக்கும் உம்மா வாப்பாமார், அந்தப் பிள்ளை விளையாடுகிறதா, உறங்குகிறதா, அயல்வீட்டுப் பிள்ளையோடு பேசுகிறதா என்றும் பாருங்கள். அவையும் கல்வியே.

இளைஞர்களே, யுவதிகளே! உங்களுள் கூர்மதி படைத்தோர் இருக்கின்றீர்கள். அது நீங்கள் உழைத்துப் பெற்றதன்று. உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது இருப்பதனாலேயே உலகம் உங்களுக்குக் கடன்பட்டுள்ளதென எண்ணாதீர்கள். நேரந்தவறாமை, சொன்ன சொல் காத்தல், சிங்களமும் ஆங்கிலமும் கற்றல், பிறரோடு இணங்கிப் பணியாற்றல், தவறு சுட்டப்படும்போது சினவாமை ஆகியன இன்றி எந்த மேதைமையும் கனி தராது. உங்களுள் பரீட்சையில் பின்தங்கியவர்களும் இருக்கின்றீர்கள். மனந்தளராதீர்கள். பரீட்சை அளப்பது உங்களின் ஒரு பகுதியை, அதுவும் ஒரு நாளில் மட்டுமே. கைத்தொழிலில் தேர்ந்தவரும், நாணயத்தால் வாடிக்கையாளரைச் சேர்த்த வணிகரும், நோயாளியின் அருகே பொறுமையோடு நிற்கும் தாதியும் சமூகத்தின் தூண்களே.

இறுதியாக, நம் ஜமாஅத்தினருக்கு ஒரு வேண்டுகோள். மீளத் திரும்பிய நம் குடும்பங்களிலும், இன்னும் புத்தளத்தில் வாழும் நம் உறவுகளிலும், பேருந்துக் கட்டணம் இல்லாமையால் வகுப்புக்குச் செல்லாத ஒரு பிள்ளை இருக்கக்கூடும். பெரிய மண்டபங்கள் தேவையில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு சிறு கல்வி நிதியும், மாலையில் மின்விளக்கும் மேசையும் உள்ள ஒரு அறையும், அப்பிள்ளைகளை அமர்த்திச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பட்டதாரிகளும் இருந்தால் போதும். அறிஞர் அஸீஸ் கல்முனையில் தொடங்கியதும் இத்தகைய சிறு தொடக்கமே.

அறிவுக் கூர்மை உலக வெற்றியைத் தருமா என்று கேட்டோம். ஓரளவு தரும்; உத்தரவாதம் தராது. குடும்பமும் சூழலும் உழைப்பும் நல்லோரின் துணையும் இறைவனின் நாட்டமும் சேர்ந்தே அதனைத் தருகின்றன. ஆயினும் மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் வினா, உன் அறிவால் எவ்வளவு ஈட்டினாய் என்பதன்று. அந்த அறிவைக்கொண்டு என்ன செய்தாய் என்பதே. அந்த வினாவுக்கு விடை கூறும் தகுதியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.